எட்டாவது ஆளின் மதிப்பெண்கள்

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. இருமல் விட்டதா? அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் மகள் வாலு பரீட்சைக்குப் படிக்கிறாளா, படிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாளா? எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. மனசுதான் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

போனில் பேசினால் பத்தாவது நிமிடம் நம்மில் ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம், அதனால் இனிக் கடிதம்தான் என்று நீ சொன்னபோது சிரித்தேன். இப்போது ஒத்துக்கொள்கிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடிவதில்லை.

"அங்க உக்காந்து என்னதான்டா பண்றே?" என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். பல ஆயிரம் கோடி சூரியன்கள் சேர்ந்தது ஒரு பேரடை. அப்படி நூற்றுக்கணக்கான பேரடைகள் சேர்ந்து கிடப்பதைக் கொத்து என்கிறோம். கொத்துக்குள் பயங்கரச் சூட்டில் வாயு நிரம்பியிருக்கிறது. அந்த வாயு எக்ஸ்ரே ஒளி வீசும். உன் ஆஸ்பத்திரியில் இருக்கிற அதே எக்ஸ்ரேதான். அதைப் படம் பிடித்துக் கொத்தின் எடையைக் கணக்கிடுகிறோம். ஆனால் கொத்து அடங்கிக் கிடந்தால்தான் கணக்குச் சரியாக வரும். இரண்டு கொத்துகள் மோதிக் கலங்கிக் கிடந்தால், ஆடுகிற தராசு முள்ளைப் பார்த்து எடை சொன்ன மாதிரிதான். எனவே எது அடங்கியது, எது கலங்கியது என்று முதலில் பிரிக்க வேண்டும். இங்கே ஏழு பேர் படங்களைப் பார்த்து, அடங்கியதற்கு ஒன்று, மிகவும் கலங்கியதற்கு நான்கு என்று மதிப்பெண் போடுகிறோம்.

எங்கள் குழுத் தலைவி திடீரென்று, "எட்டாவதா ஒருத்தர் வேணும்பா. வானியல் வாசனையே படாதவங்களா இருக்கணும், ஆனா படம் பாக்கத் தெரிஞ்சிருக்கணும்" என்றார். என் வாய் சும்மா இருக்குமா? "எங்கக்கா எக்ஸ்ரே எடுக்கறவங்க மேடம்" என்றேன்.

உறைக்குள் இருக்கும் பென் டிரைவில் நூற்றிருபது படங்கள் இருக்கின்றன. வட்டமாக, ஒரே மையத்தோடு இருந்தால் ஒன்று. மையம் ஒதுங்கியிருந்தால், பக்கத்தில் கட்டி கட்டியாக இருந்தால், வால் நீண்டிருந்தால், எண் ஏறும். எங்களுக்கு என்ன எதிர்பார்ப்பு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உன் கண் அதையே தேடும்.

பார்ப்பாயா?

அத்தானுக்கும் வாலுக்கும் என் அன்பு. மருந்தைப் பாதியில் நிறுத்தாதே.

தம்பி


ஜனவரி 28

அன்புத் தம்பிக்கு,

இருமல் போய்விட்டது. அத்தான் முழங்காலை நீவிக்கொண்டே படி ஏறுகிறார், இறங்கும்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முனகுகிறார். வாலு இரண்டாவது வகைதான். நீ சாப்பிடுகிறாயா? போன தடவை அனுப்பிய புகைப்படத்தில் கன்னம் ஒட்டிக் கிடந்தது.

பார்த்துவிட்டேன். நூற்றிருபதும். தாள் உள்ளே இருக்கிறது.

என் அறை உனக்குத் தெரியாதே. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஈயக் கதவுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறை. காலை எட்டிலிருந்து "மூச்சை இழுங்க, அடக்குங்க, விடுங்க" என்று ஒரு நாளைக்கு எழுபது பேரிடம் சொல்கிறேன். வெளியே வருகிற ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா தெரியுது?" என்பார்கள். "டாக்டர் சொல்லுவாரு" என்பேன். அதுதான் விதி. படம் எடுப்பவள் வாயைத் திறக்கக் கூடாது. முகத்தையும் சும்மா வைத்துக்கொள்ள வேண்டும். என்னைவிடப் பத்து வயது சின்னவர்கள் எல்லாம் மேலே மூன்றாம் மாடியில் உட்கார்ந்து நான் எடுத்த படத்தைப் படிக்கிறார்கள். இருபத்தொரு வருஷம் ஆயிற்று.

அனுமதி வாங்கிக்கொண்டு, மதிய இடைவேளையில் எங்கள் நல்ல திரையில் போட்டுப் பார்த்தேன். படமா அது? மணலை அள்ளித் தூவின மாதிரி பொரிப் பொரியாக இருந்தது. முதல் நாள் எரிச்சலாக வந்தது. பிறகு அதுதான் சரி என்று பட்டது. பூசி மெழுகிய படத்தை நான் எப்போதும் நம்புவதில்லை. கருப்பு வெள்ளையைத் திருப்பிப் போட்டு, இரண்டடி தள்ளி நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு வாரம் கழித்து வரிசையைக் கலைத்து மறுபடியும் முதலிலிருந்து போட்டேன். நூற்றுப் பதினொன்றில் அதே எண் வந்தது. மற்ற ஒன்பதிலும் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன்.

பைத்தியக்காரி என்று நினைக்காதே. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "நீ என்ன பார்த்தாய்?" என்று இத்தனை வருஷத்தில் என்னைக் கேட்டவன் நீ ஒருத்தன்தான்.

எத்தனை சரி என்று உடனே எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம்தானே? எனக்குக் கொஞ்சம் தலைவலி, சந்தோஷத்தில் வருகிற தலைவலி.

உன் தாள் வந்துவிட்டது. இனி ரகசியத்தைச் சொல்லலாம். அந்த நூற்றிருபதில் அறுபதுதான் உண்மையான வானம். மீதி அறுபதும் சிமுலேஷன். கணினிக்குள் ஒரு பிரபஞ்சத்தை வளர்த்து, அதில் உண்டான கொத்துகளைத் தொலைநோக்கியில் பிடித்த மாதிரியே படமாக்கியவை. உண்மை வானத்தில் யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. சிமுலேஷனில் எந்தக் கொத்து எப்போது எதோடு மோதியது என்பது நமக்கே தெரியும். அந்த விடைப் பட்டியலை எட்டுப் பேரும் மதிப்பெண் போட்டு முடிக்கும் வரை திறக்கக் கூடாது. சாவி என்னிடம்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லலாம். தூரத்துக் கொத்துகள் என்றால் பழைய காலத்துக் கொத்துகள், ஒளி வந்து சேர அத்தனை காலம் ஆகிறது. அவை அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தவை. கலங்கித்தான் கிடக்கும் என்று உலகமே நம்பியது. எங்கள் ஏழு பேரின் மதிப்பெண்படி அவற்றில் பெரும்பாலானவை அடங்கிக் கிடக்கின்றன! நான் கண்டுபிடித்தது இது. தலைவி மூன்று ஊர்களில் இதைப் பற்றிப் பேசிவிட்டார். கட்டுரை எழுதி முடித்தாயிற்று. ஆகஸ்டில் என் வேலை முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று ஜூனில் ஒரு குழு கூடி முடிவு செய்யும். என் விண்ணப்பத்தின் முதல் வரியே இந்தக் கண்டுபிடிப்புதான். விடைப் பட்டியலோடு ஒப்பிடுவது ஒரு சடங்கு மாதிரி.

மணல் என்று எழுதியிருந்தாய். எங்கள் படங்கள் வெண்ணெய் மாதிரி இருக்கும். உங்கள் திரையில் ஏதாவது கோளாறாக இருக்கலாம்.

நாளைக் காலை பட்டியலைத் திறக்கிறேன். மறுநாளே எழுதுகிறேன். அத்தானைப் படியில் மெதுவாக இறங்கச் சொல்.

தம்பி


மார்ச் 10

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். நாங்கள் இங்கே நலம்.

"மறுநாளே" என்றாய். இருபத்தாறு நாள் ஆகிறது. தபால்காரரின் சைக்கிள் மணியைக் கேட்டாலே செருப்புப் போடாமல் ஓடுகிறேன். வாலு கேலி செய்கிறாள். "அம்மாவுக்கு ரிசல்ட் வருதாம்" என்கிறாள்.

தப்பு என் மேலும் இருக்கிறது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். லிஃப்ட்காரரிலிருந்து தலைமை நர்ஸ் வரைக்கும் சொல்லிவிட்டேன். "என்னக்கா, உங்க நட்சத்திரம் என்னாச்சு?" என்று தினமும் ஒருவர் கேட்கிறார். மேல்மாடி டாக்டரின் காதுக்கும் போயிருக்கிறது. "என்னம்மா, வானத்துக்கே எக்ஸ்ரே எடுக்கறீங்களாமே" என்று சிரித்தார். அவர் என்னோடு வேலை விஷயம் அல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

எங்கள் திரையில் ஒரு கோளாறும் இல்லை. போன மாதம்தான் சோதித்துச் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார்கள்.

எண்ணை மட்டும் எழுது. வேறு எதுவும் வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. தலைக்கு மேல் வேலை. நீங்கள் எல்லோரும் சுகமா?

இங்கே வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. எங்கள் கட்டடத்தில் படிக்கட்டுக் கைப்பிடிக்குப் புது வண்ணம் அடிக்கிறார்கள். தெரியாமல் பிடித்துவிட்டுச் சட்டையெல்லாம் பச்சை. நாலாவது மாடிக்கு நடந்தேதான் போகிறேன். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை ஏறி இறங்குகிறேன். உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது. எதிர் மேஜைக்காரர், "தரை அதிருதுப்பா" என்கிறார்.

உன் மதிப்பெண்களைப் புள்ளிவிவர முறைப்படி ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். இதெல்லாம் உடனே சொல்லிவிடக்கூடியதில்லை. பல விஷயங்களைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. நீ எடுத்துக்கொண்ட சிரமத்துக்கு மிகவும் நன்றி.

அத்தானின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது என்று இங்கே ஒருவர் சொன்னார்.

தம்பி


ஏப்ரல் 14

தம்பி,

நான் நலம். அத்தான் நலம். முழங்காலும் நலம். ஒத்தடத்துக்கு நன்றி.

யாருடா எழுதிக் கொடுத்தது அந்தக் கடிதத்தை? "நீ எடுத்துக்கொண்ட சிரமத்துக்கு மிகவும் நன்றி." உன் அக்காவுக்கு எழுதினாயா, மின்சார வாரியத்துக்கு எழுதினாயா?

நேராகச் சொல்கிறேன், கேள். எனக்கு ஐந்து வயதானதிலிருந்து, நீ பிறந்த நாளிலிருந்து, உன்னைத் தெரியும். நான் தப்பாகப் போட்டிருந்தால் மறுநாளே எழுதியிருப்பாய். நாலு பக்கம் எழுதியிருப்பாய். படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, "இங்கதான் கோட்டை விட்டே" என்று எழுதியிருப்பாய். நான் ஒரு கணக்கில் தப்பு விட்டால் தெரு முழுக்கச் சொல்கிறவன் நீ. இரண்டு மாதம் கழித்துப் பச்சை வண்ணத்தைப் பற்றி எழுதுகிறாய்.

இந்த மாதிரி அமைதி எனக்குப் பழக்கம்தான். என் முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டால் போதும், வெளியே நிற்கிற நோயாளி புரிந்துகொள்வார். அந்த அமைதியின் இந்தப் பக்கம் நான் நிற்பது இதுதான் முதல் தடவை. பிடிக்கவில்லை.

நான் போட்டது சரி. அது உனக்கு ஏதோ ஒரு விதத்தில் தொந்தரவாக இருக்கிறது. அதுதானே? மென்று விழுங்காமல் சொல்.

சாப்பிடு, தூங்கு. கோபத்தில் இதை எழுத மறந்துவிடுவேன் என்று நினைக்காதே.

அக்கா


மே 19

அன்புள்ள அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஐந்து வாரத்தில் ஒன்பது தடவை எழுதிக் கிழித்தேன்.

நீ சொன்னதுதான். நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி பதிமூன்று காலை பட்டியலைத் திறந்தேன். சிமுலேஷன் படங்கள் அறுபதில் முப்பது பக்கத்துக் கொத்துகள், முப்பது தூரத்துக் கொத்துகள். பக்கத்துக் கொத்துகளில் எங்கள் ஏழு பேருக்கும் உனக்கும் ஏறக்குறைய ஒரே விடை. தூரத்து முப்பதில் எங்கள் சராசரி பதினொன்றில்தான் உண்மையோடு ஒத்துப்போனது. நீ இருபத்து நாலில் ஒத்துப்போனாய்.

பட்டியலை மூடிவிட்டு மறுபடி திறந்தேன். எண் மாறவில்லை. அப்போதுதான் உன் மணல் ஞாபகம் வந்தது.

தொலைநோக்கியில் விழும் எக்ஸ்ரே ஒளி ரொம்பக் கொஞ்சம். படம் பொரிப் பொரியாகத்தான் வரும். அதை மழுக்கி, வழவழப்பாக்கித்தான் நாங்கள் பார்ப்போம். எவ்வளவு மழுக்குவது என்று அளவு வைத்தவன் நான். மூன்று வருஷத்துக்கு முன்னால், பக்கத்தில் இருக்கிற ஒரு பெரிய கொத்தை வைத்துக்கொண்டு அந்த அளவைத் தீர்மானித்தேன். அழகாக வந்தது. அதே அளவை எல்லாப் படங்களுக்கும் போட்டுவிட்டேன். தூரத்துக் கொத்து படத்தில் சின்னதாகத் தெரியும். பெரியதற்கு வைத்த அளவில் மழுக்கினால் அதிலுள்ள கட்டி, வால், ஒதுங்கிய மையம் எல்லாம் கரைந்து வட்டமாகிவிடும். வட்டமானதைப் பார்த்து ஏழு பேரும் "அடங்கியது" என்று எழுதினோம். என் கண்டுபிடிப்பு அவ்வளவுதான் அக்கா. நானே மழுக்கி, நானே அதிசயப்பட்டேன்.

உனக்கும் மழுக்கிய படங்களைத்தான் அனுப்பியிருக்க வேண்டும். இரண்டு கோப்புறைகளும் அடுத்தடுத்து இருந்தன. அவசரத்தில் மழுக்காததை நகல் எடுத்துவிட்டேன். அந்தத் தவறு மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் நீயும் எங்களோடு சேர்ந்து "ஒன்று" போட்டிருப்பாய், நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

இது எனக்கு மட்டும்தான் தெரியும். ஜூன் இருபத்து நாலாம் தேதி குழு கூடுகிறது. நீட்டிப்புக் கிடைத்த பிறகு நானே மெதுவாகச் சொல்லிச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். நீ வேறு படங்களைப் பார்த்தாய், ஆகவே ஒப்பிடவே முடியாது என்று எனக்கு நானே சப்பைக்கட்டுக் கட்டினேன். தலைவி, "எட்டாவது ஆளோட மார்க் எங்கப்பா?" என்று கேட்டார். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. "எங்கக்காவுக்கு நேரமில்ல மேடம். பாதியில விட்டுட்டாங்க" என்றேன். "சரி, வீட்டு வேலை இருக்கும் பாவம்" என்றார். கட்டுரையில் ஏழு பேர் என்று இருக்கிறது.

இதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை. ஜூன் வரைக்கும் மட்டும் பொறுத்துக்கொள் அக்கா. எனக்கு முப்பத்தெட்டு வயது. இந்த வேலையைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது.

தம்பி


மே 30

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்தை ஈயக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

இருபத்து நாலு என்று படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது. அதற்கு நாலு பத்தி கீழே, பாதியில் விட்டுவிட்டேன் என்று படித்தேன்.

அத்தானிடம்கூடச் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம். ஒரு பஸ் கண்டக்டர், ஐம்பது வயசு இருக்கும். மூச்சை அடக்கச் சொன்னால், "இறங்கற இடம் வரைக்குமா?" என்று கேட்டார். படத்தில் இடது பக்கம், இதயத்துக்குப் பின்னால், ஒரு நிழல் இருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. மேலேயிருந்து ரிப்போர்ட் வந்தது, ஒன்றுமில்லை என்று. அதை உறையில் போட்டு நான்தான் அவர் கையில் கொடுத்தேன். மேலே ஓடிப்போய் "சார், இன்னொரு தடவ பாருங்க" என்று சொல்ல மூன்று மாடிதான். போகவில்லை. நான் யார் சொல்ல, டாக்டரே பார்த்துவிட்டாரே என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன்.

எட்டு மாதம் கழித்து வந்தார். சட்டை தொளதொளவென்று இருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "போன தடவயும் நீங்கதானம்மா எடுத்தீங்க? நல்லா வந்திருக்குன்னு சொன்னாங்களே" என்றார். நான், "மூச்சை இழுங்க" என்றேன். அவரால் அடக்க முடியவில்லை.

அவ்வளவுதான். அந்த ஆளோடு உன் கதையை நான் முடிச்சுப் போட மாட்டேன். தூரத்தில் இருக்கிற கொத்தைத் தப்பாக எடை போட்டால் யாரும் சாகப்போவதில்லை. உன் வேலை போகக் கூடாது என்று உன்னைவிட எனக்கு ஆசை. எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா, எல்லாம் உன் இஷ்டம். நான் யாரிடமும் மூச்சு விட மாட்டேன், அது என் தொழில்.

ஒன்றே ஒன்றை மட்டும் மாற்று. எனக்கு நேரமில்லை, பாதியில் விட்டுவிட்டேன் என்று சொன்னாயே, அதை. நான் முடித்தேன். இரண்டு தடவை முடித்தேன்.

உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கன்னம் இன்னும் ஒட்டியிருக்கும்.

அக்கா


ஜூன் 27

அன்புள்ள அக்கா,

சுகம்தானே? நான் நான்கு மாதத்துக்குப் பிறகு நேற்று வயிறாரச் சாப்பிட்டேன்.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். அந்த ஒன்றை மட்டும் எப்படி மாற்றுவது என்று பல வழி யோசித்தேன். முடித்தாள் என்று சொன்னால் தாள் எங்கே என்பார்கள். தாளைக் கொடுத்தால் எண் தெரியும். எண் தெரிந்தால் எல்லாம் தெரியும். ஒன்றே ஒன்று என்று நீ எழுதினாய். அந்த ஒன்றுக்குள்தான் எல்லாம் இருந்தது. உனக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

ஜூன் பதினேழு, வாராந்தரக் கூட்டம். எல்லோரும் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். தலைவி என் கட்டுரையைப் பற்றி ஏதோ பாராட்டத் தொடங்கினார். நான் எழுந்து நின்றேன். அங்கே யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை.

"எங்கக்கா முடிச்சிட்டாங்க மேடம்" என்றேன்.

"எதை?"

"மார்க் போடறதை. ஜனவரியிலயே முடிச்சிட்டாங்க. நான்தான் பொய் சொன்னேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை ஒருவர் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. தலைவி என் கணினிக்கு வந்து, மிகத் தூரத்துக் கொத்தின் மழுக்காத படத்தைத் திறக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்தார். நீ நான்கு போட்ட படம் அது. நாங்கள் ஏழு பேரும் ஒன்று போட்ட படம். "ரெண்டு மையம் இருக்கே" என்றார். "இதைப் பாக்காமயா நான் மூணு ஊர்ல பேசினேன்?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "அளவைத் தப்பா வச்சது பத்து நிமிஷத் தப்பு. யாருக்கும் நடக்கும். மறைச்சது நாலு மாசம். அதை நான் என்னன்னு எடுத்துக்கறது?" அழுதுவிட்டேன் அக்கா, எல்லோர் முன்னாலும்.

இதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்பப் பெற்றாயிற்று. குழு இருபத்து நாலாம் தேதி கூடியது. நீட்டிப்பு இல்லை. செய்ததைச் சரிசெய்துவிட்டுப் போக நவம்பர் வரைக்கும் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் தலைவி சண்டை போட்டு வாங்கியது. ஒவ்வொரு கொத்தின் அளவுக்கும் ஏற்ற மாதிரி மழுக்கும் முறையை எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்ற ஆறு பேரும் முதலிலிருந்து மதிப்பெண் போடுகிறார்கள். யாரும் என்னோடு அதிகம் பேசுவதில்லை. நவம்பருக்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

உன் தாள் இப்போது தலைவியின் மேஜையில் இருக்கிறது. பென்சில் கோடு போட்ட ஒன்பதையும் பார்த்துவிட்டு, "இவங்க எங்க வேலை செய்யறாங்கன்னு சொன்னே?" என்று மறுபடி கேட்டார்.

என்னை மன்னித்துவிடு. அத்தானுக்கும் வாலுக்கும் என் அன்பைச் சொல்.

தம்பி


ஜூலை 12

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். வாலு தேறிவிட்டாள், எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். வேலை போனதற்கா, நீ எழுந்து நின்றதற்கா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "பொய் சொன்னேன்" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கிறாய். என் தம்பிக்கு அந்தத் தைரியம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மன்னிப்பெல்லாம் கேட்காதே. கோபம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அது பாட்டுக்குப் போகும். நவம்பருக்குப் பிறகு ஏதாவது வேலை கிடைக்கும் வரை இங்கே வந்து இரு. முன்னறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டேன். அத்தான் முனகவில்லை.

எனக்கும் ஒன்று நடந்தது. போன திங்கட்கிழமை, முப்பது வயசுப் பெண், பள்ளிக்கூட டீச்சர். படத்தில் வலது தோள்பட்டைக்குக் கீழே பட்டாணி அளவுக்கு ஒரு வெள்ளை. மேலேயிருந்து ரிப்போர்ட் வந்தது, ஒன்றுமில்லை என்று. உறையில் போட்டேன். எடுத்தேன். மறுபடி போட்டேன். அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லிவிட்டு லிஃப்டுக்குக்கூட நிற்காமல் மூன்று மாடி ஏறினேன். டாக்டர் கதவைத் தட்டினேன்.

"சார், இந்தப் படத்தை இன்னொரு தடவ பாருங்க."

"யார் கேட்டாங்க?"

"யாரும் கேக்கல சார். எனக்கு ஒண்ணு தெரியுது. அதான் சொல்றேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இன்னொரு படம் எடுத்துட்டு வாங்க" என்றார். எடுத்தேன். இந்தத் தடவை அந்த வெள்ளையைக் காணோம்.

பின்னல்டா அது. அந்தப் பெண்ணின் பின்னல் முனை தோளுக்கு முன்னால் விழுந்து கிடந்திருக்கிறது. பின்னலைத் தூக்கிக் கட்டச் சொல்வது என் வேலை. முதல் நாள் சேருகிற ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம். இருபத்தொரு வருஷத்துக்கு அப்புறம் நான் மறந்திருக்கிறேன். டாக்டர், "வானத்தைப் பாத்துப் பாத்து இப்படி ஆயிட்டீங்களா?" என்றார். காது வரைக்கும் சுட்டது. படி இறங்கும்போது, இனி இந்த மூன்று மாடியை ஏறவே கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் ஈயக் கதவை யாரோ தட்டினார்கள். டாக்டர். அவர் அடித்தளத்துக்கு இறங்கி வந்து நான் பார்த்ததில்லை. கையில் ஒரு படம் இருந்தது. நான் எடுத்தது இல்லை, வேறு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. உட்காரவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அதை என் திரையில் போட்டார்.

"எனக்குச் சரியாப் பிடிபடல. இதுல உங்களுக்கு என்ன தெரியுது?"

"ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். பார்த்தேன், சொன்னேன். பாதியில் நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. பையிலிருந்து பேனாவை எடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.

அக்கா